ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

(தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி முடித்த ஆசிரியை ஒருவர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



52 கழித்தல் 27. மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை இதற்கு 35 என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே 64 கழித்தல் 38 என்ற கணக்கு. அவள் விடை 34. அதற்கும் கீழே 85 கழித்தல் 29, விடை 64. மூன்றும் தப்பு. சிவப்புப் பேனாவால் மூன்று பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடலாம். முப்பது நோட்டுகள் மேசையில் இருக்கும்போது எந்த ஆசிரியரும் அதைத்தான் செய்ய முடியும், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நான் அந்த வகுப்பில் பயிற்சி ஆசிரியை. முப்பது நோட்டுகளும் என் பொறுப்பில் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"எப்படிப் போட்ட, சொல்லு பாப்பா" என்று கேட்டேன். அவள் முதலில் ரப்பரை எடுத்தாள். எப்படிப் போட்டாய் என்று ஆசிரியர் கேட்டால் விடை தப்பு என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அழிக்க வேண்டாம், எனக்குச் சொல்லிக் கொடு என்றேன். அவள் இரண்டையும் ஏழையும் காட்டிச் சொன்னாள்: "சின்னதுலேர்ந்து பெருச கழிக்க முடியாது மிஸ். அதனால பெருசுலேர்ந்து சின்னத கழிச்சேன்."

இந்தப் பதிலை நிதானமாகக் கேளுங்கள். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று அவளுக்குச் சொன்னது யார்? நாம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறோம். அவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டு. மிச்சம் ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. முப்பத்தைந்து. அவளுடைய மூன்று தப்புகளும் ஒரே விதியிலிருந்து வந்தவை. கவனமில்லாத பிள்ளையின் தப்பு ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். இவளுடையது ஒரே திசையில் போகிறது. இவள் யோசிக்கிற பிள்ளை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதே நோட்டின் முன்பக்கங்களில் 58 கழித்தல் 23, 76 கழித்தல் 41 போன்ற கணக்குகள் வரிசையாகச் சரி. பக்கத்துக்குப் பக்கம் 'நன்று'. அங்கேயும் அவள் இதே விதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறாள். அந்தக் கணக்குகளில் மேலே இருக்கும் இலக்கம் எப்போதும் பெரியது, அதனால் விதியின் கோணல் வெளியே தெரியவில்லை. மேலே சிறிய இலக்கம் இருக்கும் கணக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. அதாவது, அவளுடைய தப்பான விதிக்கு நாமே பல மாதங்கள் 'நன்று' போட்டு உரம் ஏற்றியிருக்கிறோம். ஆகவே, எப்படிப் போட்டாய் என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் கேட்டால்தான் பிள்ளைகள் ரப்பரைத் தேடுவதை நிறுத்துவார்கள்.

1978இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல தப்புகள் ஒழுங்கானவை, அவற்றுக்குப் பின்னால் ஒரு செய்முறை இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டினார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் இந்த வழக்கம் அதில் முக்கியமான ஒன்று. அவர்கள் செய்த இன்னொரு காரியம் என்னைக் கவர்ந்தது. கணினியில் 'பக்கி' என்று ஒரு நிரல் எழுதினார்கள். அது ஒரு மாணவனைப் போல நடித்து ஏதாவது ஒரு தப்பான விதியோடு கணக்குப் போடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் புதுப்புதுக் கணக்குகளாகக் கொடுத்து அந்த விதி என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். இதை ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கணினி அறை என்பதே பெரிய விஷயமாக இருந்த அந்தக் காலத்தில், பயிற்சி ஆசிரியர்கள் பிள்ளையின் தப்பைப் படிக்கப் பழக வேண்டும் என்று இந்த இருவர் நினைத்திருக்கிறார்கள். எங்கள் பயிற்சியில் பட அட்டைகள் வரைவதற்கு நாங்கள் செலவிட்ட இரவுகளில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம்? வகுப்பாசிரியை மூத்தவர், நிறைய ஆண்டுகள் இந்த வகுப்பைப் பார்த்தவர். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இருபத்தேழு எடுத்து மிஸ்கிட்ட குடு கண்ணு" என்றார். அவள் இரண்டு கட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தாள். இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். கொஞ்ச நேரம் மூன்று கட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "கட்டைப் பிரிக்கலாமா மிஸ்?"

இனமாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக்கலாமா? அவள் தானே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். பிரித்தாள், ஐந்தைக் கொடுத்தாள், மீதியை எண்ணி இருபத்தைந்து என்றாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று துணைக்கருவிகளைப் பற்றிப் பேசுகிற பலர் சொல்லிவிடுவார்கள். முடியவில்லை. நோட்டில் இருந்த 35ஐக் காட்டி, இது? என்று கேட்டேன். அவள் சிறிதும் கலங்காமல் சொன்னாள்: "அது நோட்டுல. இது குச்சியில." அவளுக்கு இரண்டும் சரி. குச்சிக்கு ஒரு விடை, நோட்டுக்கு ஒரு விடை.

என் பயிற்சிக் காலம் முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்த வாக்கியம் இதுதான். குச்சி கொடுத்துவிட்டால் கருத்து புரிந்துவிடும், புரிந்தது தானாக நோட்டுக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். அவள் மனத்தில் அவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒன்று விளையாட்டு, மற்றொன்று பள்ளிக்கூடம். பள்ளிக் கணக்கு இப்படித் தனியே பிரிந்துபோவது புதிதல்ல. 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பென்னி என்று பெயரிட்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தனித்தனியே தாள்களை முடித்துக்கொண்டு போகும் பாடத்திட்டத்தில் அவன் நல்ல முன்னேற்றம் காட்டிய மாணவன். உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது, பின்னத்தைத் தசமமாக்க மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. அவனுக்கு இரண்டின் கீழ் பத்து என்றால் 1.2. நான்கின் கீழ் பதினொன்று, பதினொன்றின் கீழ் நான்கு, இரண்டுமே 1.5. கணக்கு என்பது யாரோ உண்டாக்கி வைத்த விதிகளின் குவியல், விடைத்தாளில் இருப்பதோடு பொருந்தினால் சரி என்பது அவன் முடிவு. அவனோடு அப்படி உட்கார்ந்து பேச அந்தப் பாடத்திட்டத்தில் இடம் குறைவு.

எங்கள் வகுப்பில் அந்த ஆசிரியை வேறொன்று செய்தார். குச்சியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு குச்சி நகர்ந்தால் அப்போதே நோட்டில் ஒரு குறி. கட்டைப் பிரித்த நொடியில் ஐந்தை அடித்து நான்கு. இரண்டை அடித்துப் பன்னிரண்டு. எழுதிவிட்டுத்தான் அடுத்த குச்சியைத் தொட வேண்டும். சில நாள் இப்படிப் போனபின் ஒரு காலையில் அந்தப் பிள்ளை தன் பழைய பக்கத்தைத் திருப்பி 35ஐப் பார்த்தாள். "மிஸ், அம்பத்திரண்டுல முப்பத்தஞ்சு மிச்சம்னா, குடுத்தது பதினேழுதான்" என்றாள். ஒருவரும் சொல்லித் தராத சரிபார்ப்பு. லீபிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் எழுதிய நூலில் சீன ஆசிரியர்களையும் அமெரிக்க ஆசிரியர்களையும் இத்தகைய கழித்தலை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டு ஒப்பிட்டிருப்பார். செய்முறையை மட்டும் சொன்னவர்களுக்கும், ஒரு பத்தைப் பிரிப்பதைப் பற்றிப் பேசியவர்களுக்கும் இடையே இருந்த தூரத்தை அவர் விரிவாகக் காட்டுகிறார். அந்தத் தூரத்தை எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் ஈர்க்குச்சிக் கட்டு கடந்தது.

இது கழித்தலில் மட்டும் இல்லை. இரண்டாம் வகுப்பில் 'நூற்று ஐந்து' என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. காதில் விழுந்த நூறை எழுதி, அடுத்து விழுந்த ஐந்தையும் எழுதுகிறார்கள். இதற்கு 100 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 என்ற அட்டையை வைத்து மூடிக் காட்டுவது நல்ல வழி. அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு முந்திய சிக்கல் ஒன்று இருக்கிறது. உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் கமி செய்த ஒரு சோதனை அதைக் காட்டும். பதினாறு பொருள்களை வைத்து, தாளில் 16 என்று எழுதி, இதில் உள்ள ஆறு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை ஆறைக் காட்டும். ஒன்று எவ்வளவு என்று கேட்டால்? நான் புளியங்கொட்டை வைத்துக் கேட்டேன். நூறு வரை கடகடவென்று எழுதும் பையன் ஒரே ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினான். அப்படியானால் இந்த ஒன்பது கொட்டைகள் எதற்கு என்று கேட்டதற்கு, "அது சும்மா இருக்கு மிஸ்" என்றான். இடமதிப்பு என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். பிள்ளையின் மனத்தில் அது உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த ஒன்பது கொட்டைகள் சும்மா இருக்கும் வரை கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் அவனுக்குச் சடங்குகள்தான்.

இனி ஐந்தாம் வகுப்புக்கு வருகிறேன். அங்கே ஒரு பையன். அவன் பாட்டி கோயில் தெருவில் பூக்கடை போட்டிருக்கிறார். மாலையில் அவன்தான் சில்லறை பார்ப்பான். வகுப்பில் 100 கழித்தல் 37 என்று பலகையில் எழுதியபோது அவன் போட்ட விடை 137. எந்த விதி என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதே பையனிடம், முப்பத்தேழு ரூபாய்க்குப் பூ வாங்கிவிட்டு நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் எவ்வளவு மீதி தருவாய் என்றேன். "மூணு ரூவா சேத்தா நாப்பது, அப்புறம் அறுவது. அறுபத்திமூணு" என்றான். விரலைக்கூட மடக்கவில்லை.

இதுவும் உலகம் அறிந்த விஷயம்தான். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவோரம் விற்பனை செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி டெரேசின்யா கராஹெரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் எழுதினார்கள். கடையில் கேட்டபோது 98.2 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 36.8 சதவீதம். 2025இல் நேச்சர் இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே கண்டது. அதோடு, சந்தைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் தாள் கணக்கில் முன்னே நின்றாலும் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்றும் கண்டது. பாலம் இரண்டு பக்கமும் இல்லை.

வாழ்க்கைக் கணக்கு உசத்தி, பள்ளிக் கணக்கு மட்டம் என்று இதைக் கேட்டுவிட்டுச் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பையன் பூக்கடையோடு நிற்க வேண்டியவன் இல்லை. அவனுக்கு எழுத்துக் கணக்கும் வேண்டும், இயற்கணிதமும் வேண்டும். கேள்வி, எங்கிருந்து தொடங்குவது என்பதுதான். நெதர்லாந்தில் ஹான்ஸ் ஃப்ராய்டந்தால் வழிவந்த கணிதக் கல்வியாளர்கள் வெற்று எண்கோடு என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். எண்களே குறிக்காத ஒரு கோடு. பிள்ளை தன் தாவல்களைத் தானே அதில் வரைந்துகொள்ளும். நான் தரையில் சாக்பீசால் ஒரு கோடு போட்டு, நீ சொன்னதை இதில் காட்டு என்றேன். 37இல் புள்ளி வைத்தான். 40க்கு ஒரு சின்ன வளைவு, மேலே 3. 100க்கு ஒரு பெரிய வளைவு, மேலே 60. பிறகு தன் நோட்டை எடுத்துப் பார்த்தான். நூறு ரூபாய் கொடுத்தவருக்கு 137 ரூபாய் திருப்பித் தந்தால் பாட்டி என்ன சொல்வார் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டியிடம் கற்ற கணக்கு நோட்டில் எழுதத் தகுந்த கணக்கு என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதன் பின் பலகையில் கணக்கு எழுதியதும் முதலில் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுத் தோராயமாகப் பார்த்துக்கொள்வான்.

பின்னம் பற்றி ஒரு வார்த்தை. எட்டில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்றால் எட்டில் ஒன்று என்று வகுப்பே சொல்லும். எட்டு பெரியது அல்லவா? அதே பிள்ளைகளைக் கால் கிலோ சர்க்கரை வாங்கக் கடைக்கு அனுப்பினால் அரைக் கிலோவை விடக் குறைவாகத்தான் வாங்கி வருவார்கள். இந்த நாட்டில் பின்னம் ஒரு காலத்தில் சிறு பிள்ளைகளின் தொடக்கப் பாடங்களில் ஒன்றாகவே இருந்தது. திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம் என்ற எண் பாடம் முந்திரியிலிருந்து, அதாவது 320இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கும். காணி 80இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று, அரைக்கால் எட்டில் ஒன்று. நில அளவையிலும் இந்தப் பின்னங்கள் புழங்கின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு இந்தப் பள்ளிகளின் கணக்கு மரபை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாதியாலும் பாலாலும் பலருக்குக் கதவடைத்த அந்தத் திண்ணையை நான் ஒருபோதும் திரும்பக் கேட்கமாட்டேன். பின்னம் என்பது எடை போட்டு, அளந்து கைக்குத் தெரிந்த பிறகு தாளுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் நல்ல முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் எங்கும் போன செயல்வழிக் கற்றல், பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை கொண்டுவந்தது. பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது. பிள்ளை போடும் கணக்கைப் போடும்போதே பார்ப்பதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்ற பயிற்சி நூல்களைத் தந்தது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் மற்றவர் ஒருவரே. அரும்பில் இருக்கும் பிள்ளை ஏன் அரும்பில் இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் எங்கே?

அந்த நேரம் பயிற்சி ஆசிரியர்களிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கற்பித்தல் பயிற்சிக்காக மாவட்டந்தோறும் பள்ளிகளுக்குப் போகிறோம். போய் என்ன செய்கிறோம்? பாடக்குறிப்பு எழுதுகிறோம், துணைக்கருவி செய்கிறோம், பலகையின் முன் நின்று பாடம் நடத்திக் காட்டுகிறோம். பார்வையிட வருபவர் குரல், பலகை எழுத்து, துணைக்கருவி, வகுப்பு மேலாண்மை எல்லாவற்றையும் பார்க்கிறார். வேண்டியவைதான். ஆனால் ஒரு பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு அந்த விடையை எழுதியது என்று எங்களை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் அதைத் தேடிப் போயிருப்போம்.

பயிற்சி நிறுவனங்களை நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை இது. கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியைக் கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். பயிற்சி ஆசிரியர் ஒரு வகுப்பில் சில பிள்ளைகளோடு தரையில் உட்காரட்டும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும். இடப்பக்கம் பிள்ளை போட்ட கணக்கு, அழிக்காமல், அப்படியே. அதன் கீழே பிள்ளை தன் வாயால் சொன்னது, நம் மொழிக்கு மாற்றாமல். வலப்பக்கம், நாளைக்கு இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகும் ஒரே ஒரு கணக்கு, அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற காரணம். மதிப்பெண் வேண்டுமென்றால் அந்த வலப்பக்கத்துக்குக் கொடுங்கள்.

பயிற்சி முடியும்போது எங்கள் பதிவேடுகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி நிறுவனத்துக்கு எடுத்துப் போகிறோம். மதிப்பெண் போட்டபின் அவை அலமாரிக்குப் போய்விடும். இந்தக் குறிப்பேடு மட்டும் அப்படிப் போகக் கூடாது. அது அந்தப் பள்ளியிலேயே, அந்த வகுப்பாசிரியரின் மேசையிலேயே இருக்க வேண்டும். நாங்கள் போய்விடுவோம். பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பை எடுக்கும் ஆசிரியர், ஜூன் மாதம் அதைத் திறந்து, 'குச்சியில் 25, நோட்டில் 35 என்று சொன்ன பிள்ளை; இப்போது இரண்டும் ஒன்றே என்று தெரியும்; சுழியம் வரும் கழித்தலை இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை' என்று படித்துவிட்டு, 402 கழித்தல் 156 என்று முதல் கணக்கை எழுத வேண்டும்.